கயிற்றுக்குள் போகிறவர்களுக்குப் பெயர் வைத்தேன்

ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள். நாலு மூலை வீடு. கூரை இல்லை, கதவு இல்லை, கயிறுதான் சுவர். குடிவருகிறவர்கள் இரண்டு பேர். ஆனால் உள்ளே எண்ணிப் பார்த்தால் மூன்று பேர் இருப்பார்கள். அந்த மூன்றாவது ஆளை யாரும் அடிப்பதில்லை. ஊர் திட்டுவது மட்டும் பெரும்பாலும் அவரைத்தான். அது என்ன வீடு?

குத்துச்சண்டை மேடை. மூன்றாவது ஆள் நடுவர். அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களின் பெயரை மைக்கில் கூவுவது என் தொழில். வார நாட்களில் ஒரு பத்திரிகையின் சிறுவர் பகுதிக்கு நரி, கரடி என்று கதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ மைக். கல்யாணத்திலோ பள்ளி ஆண்டு விழாவிலோ ஒரு முறையாவது மைக் பிடித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். சோதித்துப் பார்க்கும்போது கணீரென்று பேசுகிற கருவி, முக்கியமான பெயர் வரும்போது மட்டும் கொட்டாவி விடும்.

நாற்காலி போடும் நேரம்

காலடிப்பேட்டையில் பயிற்சிக்கூடம் வைத்திருக்கும் தாஸ் மாஸ்டர்தான் போட்டிகளை நடத்துகிறவர். போன வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. போட்டியை நேரலையாகக் காட்டுவது. காசு கட்டினால் போனுக்கு ஒரு லிங்க் வரும், கட்டாதவர்களுக்குக் கறுப்புத் திரைதான். மண்டபத்துக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் அல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் கேமரா மூன்றாவது சண்டையிலிருந்துதான் திறக்கும். முதல் இரண்டும் சிறுமிகளின் சண்டைகள். அவை நடக்கும்போது மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் பெயரைச் சொல்லும்போது, பின்னால் இரும்பு நாற்காலிகள் தடதடவென்று விரியும்.

அப்படி நாற்காலிச் சத்தத்துக்கு நடுவே சண்டை போடுகிறவர்களில் ஒருத்தி பவித்ரா. எட்டாம் வகுப்பு. அவள் அப்பா சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை செய்கிறார். மகள் கையுறை மாட்டக் கற்றுக்கொண்டது அவர் கப்பல் ஏறிய பிறகு. ஆகையால் அவள் சண்டையை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. லிங்க் விஷயம் கேள்விப்பட்டதும் பவித்ரா நேரே என் மேஜைக்கு வந்தாள். கைக்கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“பாக்கறதுக்கு எங்க அப்பா காசு கட்டிருவாரு சார். நான் அதுல வர்றதுக்கு இன்னா பண்ணணும்?”

சாத்தானும் நவநாளும்

லிங்க்கை வாங்க ஆள் வேண்டும். ஆள் வர வேண்டுமானால் வீரர்களுக்குப் பட்டப்பெயர் வேண்டும் என்றார் தாஸ் மாஸ்டர். “நீதான் கரடி, நரின்னு எழுதற ஆளாச்சே, ஷோக்கா வெய்யி” என்று பொறுப்பை என் தலையில் கட்டினார். எங்களிடம் இருந்ததிலேயே தேர்ந்த கை சேவியருடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேச மாட்டார். அவர் இடக்கைக் குத்து புறப்படும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அவர் சண்டை வந்தால் பாதிக் கூட்டம் டீ குடிக்க எழுந்துவிடும். ஜெயித்தால் சிரிப்பதில்லை, எதிராளியை முறைப்பதில்லை, எதைப் பார்த்து உட்காருவார்கள்? ஆகவே “ராயபுரம் சாத்தான்” என்று அறிவித்தேன்.

வேலை செய்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சாத்தானைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் இரண்டாவது சுற்றிலேயே அந்த இடக்கையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த முறை டீயை முன்கூட்டியே குடித்துவிட்டு வந்தார்கள். பட்டப்பெயர் அவர்களை உட்கார வைத்தது, அங்கேயே இருக்க வைத்தது கைதான் என்று நான் மகிழ்ந்திருந்த வேளையில், சேவியரின் அம்மா மைக் மேஜைக்கு வந்தார். கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார். முக்காடு தலையிலேயே இருந்தது. கோபமில்லை, விளக்கம் கேட்கிற குரல்.

“நான் புள்ளைக்கு அடிபடக்கூடாதுன்னு மாதாவாண்ட ஒம்போது நாளா நவநாள் ஜெபம் சொல்லிக்கினு கீறேன். நீ மைக்குல சாத்தானக் கூப்டுகினு கீற. மேல கேக்கறவங்க யார் சொல்றத எடுத்துப்பாங்க நைனா?”

தனித்தனி டீ

சாத்தானைக் கைவிட்டோம். சேவியர் மறுபடியும் சேவியர் ஆனார். இனி பெயர் போதாது, பகை வேண்டும் என்று தாஸ் மாஸ்டர் அடுத்த படிக்குப் போனார். சேவியரின் அடுத்த எதிராளி தண்டையார்பேட்டை பஷீர். மர அறுவை மில்லில் வேலை. சேவியரும் பஷீரும் பள்ளிக்கூடத் தோஸ்துகள். எடை பார்க்க ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது, அதை யார் போடுவது என்பதுதான் அவர்களுக்குள் நடந்த ஒரே தகராறு.

இருவரையும் மூக்கோடு மூக்கு நிறுத்தி வீடியோ எடுத்தோம். வசனம் நான் எழுதியது. “உன்ன பொட்டலம் கட்டி அனுப்பறேன்” என்று சேவியர் சொல்ல வேண்டும். முதல் முறை சொல்லிவிட்டு, “வலிக்கற மாதிரி சொல்ட்டனாடா?” என்று பஷீரிடம் கேட்டார். பஷீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல முறை எடுத்து, சிரிப்பையெல்லாம் வெட்டி, ஒரு வழியாக முறைப்பு மட்டும் மிஞ்சியது. அது போன் போனாகப் பரவியது. குத்துச்சண்டை என்றால் முகம் சுளிக்கிறவர்கள்கூட லிங்க் கேட்டார்கள். தெருவில் பையன்கள் மூக்கோடு மூக்கு வைத்து விளையாடினார்கள். நாலைந்து பேர் பயிற்சிக்கும் சேர்ந்தார்கள்.

போட்டிக்கு முந்திய நாள் சேவியரும் பஷீரும் வழக்கம்போல டீக்கடைக்குப் போய் ஒரு பன்னைப் பிய்த்துப் பாதி பாதி எடுத்துக்கொண்டார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, தராமல், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் வெட்டிக்குவீங்கன்னு நம்பி காசு கட்டிக்கீறேன்பா. நாளைக்கு வரைக்கும் தனித்தனியா டீ குடிங்க, புண்ணியமாப் போவும்!”

நெட்டுக்குப்பத்தில் ஒரு வேட்டி

அந்தச் சண்டையில் பஷீர் ஜெயித்தார். பார்த்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் விற்ற லிங்க் குறைவு என்று தாஸ் மாஸ்டரின் முகம் தொங்கிப்போனது. ஊரே பார்த்ததாகச் சொல்கிறது, கணக்கில் ஊர் இல்லை. எப்படி? விசாரிக்க எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்துக்குப் போனோம். அங்கே இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்கள். காசு கட்டியது ஒரே போன். அதைப் படம் காட்டும் ஒரு சின்னப் பெட்டியில் இணைத்து, படத்தை வேட்டியில் விழவைத்து, தெருவே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. கீழே மண் காயாமல் இருந்ததால் வலையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்களாம். காற்றடிக்கும்போதெல்லாம் சேவியர் வளைந்தாராம், பஷீர் நெளிந்தாராம்.

எங்களைக் கண்டதும் கூட்டம் கூடிவிட்டது. யாரும் ஒளிக்கவில்லை, பெருமையாகவே காட்டினார்கள். மீன் விற்கும் கன்னியம்மா என்பவர் முன்னால் வந்தார். “பொண்ணுங்களும் குத்துதுங்களாமே, அத்த இன்னாத்துக்கு காட்டல? எங்க வூட்டுப் பொண்ணு உக்காந்துகினே இருந்து ஏமாந்து தூங்கிடுச்சு” என்றார். சுற்றியிருந்த பெண்களும் அதையே கேட்டார்கள். நான் தாஸ் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டது தெரிந்தது. இருந்தாலும் வந்த காரியத்தை விடாமல், “அதெல்லாம் சரிம்மா, ஒரு லிங்க்னா ஒரு ஆளு பாக்கறதுக்குத்தான்” என்றார். கன்னியம்மா இடுப்பில் கைவைத்தார்.

“ஒரு வலை வாங்கிட்டா அதுல ஒரு மீன்தான் புடிக்கணும்னு எவனாச்சும் சொல்லுவானா மாஸ்டர்?”

தேனீயும் குளவியும்

திரும்பி வரும் வழியிலேயே தாஸ் மாஸ்டர் முடிவு செய்துவிட்டார். அடுத்த போட்டியில் சிறுமிகளின் ஒரு சண்டை லிங்க்கில் வரும். பவித்ராவும் பழைய வண்ணாரப்பேட்டை ரிஸ்வானாவும். தெருத்தெருவாக வேட்டி கட்டிப் பார்க்கட்டும், பார்த்த பெண்கள் நாளை மண்டபத்துக்கு வருவார்கள் என்றார். பவித்ராவிடம் சொன்னோம். அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், கப்பலுக்குச் செய்தி அனுப்பிவிட்டு வந்தாள். அப்பாவுக்கு அந்த நேரம் வேலை முறை இல்லையாம்; கப்பல் சாப்பாட்டு அறையில் நெட் கிடைக்குமாம்.

ஒரு நிபந்தனை இருந்தது. ஒருத்தி நல்லவள், ஒருத்தி கெட்டவள். கெட்டவள் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் ஜனம் காசு கட்டும் என்பது தாஸ் மாஸ்டரின் கட்சி. பிள்ளைகளுக்குச் சாத்தானெல்லாம் வேண்டாம் என்று நான் தேனீ, குளவி என்று பெயர் எழுதி இரண்டு போஸ்டர் போட்டுக் கொடுத்தேன். தேனீ வரும்போது கைதட்டல், குளவி வரும்போது “ஊ” என்று சத்தம். ரிஸ்வானாவின் மாமா போன் செய்து, எங்கள் பெண் தேனீ என்றால் மட்டும் லிங்க்கில் வரட்டும், இல்லாவிட்டால் வழக்கம்போல நாற்காலி போடும் நேரத்திலேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரையும் தேனீ ஆக்கினால் என்ன என்று நான் கேட்டேன். “ரெண்டு பேரும் நல்லவங்கன்னா ஜனம் யாரத்தான்யா திட்டும்?” என்றார் தாஸ் மாஸ்டர். நடுவர் இருக்கிறாரே என்றேன். அவர் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த குளவி பவித்ராவின் தலையில் விழுந்தது.

பவித்ராவின் அம்மா வேலை முடிந்து நேரே பயிற்சிக்கூடத்துக்கு வந்தார். எண்ணூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். போஸ்டர்களைப் பார்த்ததும் முடியாது என்றுவிட்டார். “எங்க வூட்டுக்காரரு, புள்ள கையத் தூக்கி ஒரு குத்து வுடறத பாத்ததில்ல சார். மொத மொதல்ல பாக்கச் சொல்ல, மண்டபமே புள்ளையப் பாத்து ஊன்னு கத்தறதையா பாக்கணும்? அங்க நடுக்கடல்ல அந்த மனுசன் யாராண்ட போய்ச் சொல்லுவாரு?” வேஷம்தானே, இரண்டே சுற்றில் கூட்டம் மனம் மாறிவிடும், சேவியருக்கு மாறவில்லையா என்று தாஸ் மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். மாறாவிட்டால் என்று அம்மா கேட்டார். குளவி என்கிற பெயரையாவது மாற்றலாமா என்று நான் ஆரம்பித்தேன். கட்டெறும்பு என்றேன். தேள் என்றேன். இரண்டும் எடுபடவில்லை.

பெரியவர்கள் நாங்கள் மூன்று பேரும் ஒரு பூச்சியின் பெயருக்காகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது, பவித்ரா குளவி போஸ்டரை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.