காது வரைக்கும் பால்

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருபத்து மூன்று கிளாஸ்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரு காலத்தில் குழந்தைகள் பால் குடித்த, படம் போட்ட பழைய கிளாஸ்கள். குன்னூரிலும் ஊட்டியிலும் எந்தச் சந்தில் பழைய சாமான் கடை இருக்கிறது என்று என்னைக் கேட்டால் போதும். நகத்தால் தடவினால் பெயிண்டின் மேடு தட்டுப்பட வேண்டும். விளிம்பில் பொன்கோடு கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும். சாம்பலையும் தேங்காய் நாரையும் போட்டுத் தேய்த்துப் படத்தை அழித்தவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "குடிக்கவும் உடமாட்டேங்கற, விக்கவும் மாட்டேங்கற. இதுகள வெச்சுட்டு என்னதான் பண்ணப் போற?" என்பார் என் கணவர், கோயம்புத்தூர்க்காரர்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்பவர்களிடம், சின்ன வயசு ஆசை என்று சொல்லிவிடுவேன். அது பொய். முதல் ஆறு கிளாஸும் நான் காசு கொடுத்து வாங்கியவையே அல்ல.

சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தேன். சிலோனிலிருந்து வந்தவர்கள் அந்த இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். மாற்றலாகிப் போன மேனேஜரின் மனைவி, தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அந்த ஆறு கிளாஸ்களை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். யானை, முயல், வாத்து, கரடி, பூனை, மான். என்னிடம் இருந்ததும் ஆறு பிள்ளைகள்தான். எழுத்துத் தெரியாத வயது, ஆனால் தன் கிளாஸை ஒருநாளும் மாற்றி எடுக்க மாட்டார்கள். நானும் அவர்களை யானை, வாத்து என்றே கூப்பிடுவேன். காது வரைக்கும் பால் என்பது கணக்கு. வாத்துக்குக் காது எங்கே என்று தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

பிறகு தேயிலைக்கு விலை இல்லாமல் போனது. ஃபேக்டரி பாதி நாள் ஓடவில்லை. பிள்ளைகளுக்கு வரும் பாலையும் பாதியாக்கினார்கள். முதல் நாளே முயல்காரன் கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆயா, வயிறு வரைக்குந்தான் இருக்கு" என்றான். மறுநாள் தண்ணீர் கலந்து காது வரைக்கும் ஏற்றினேன். கண்ணாடி அல்லவா, காட்டிக்கொடுத்துவிட்டது. "இது கஞ்சித் தண்ணியா ஆயா?" என்று வாத்து கேட்டது. ஆபீசுக்குப் போய் வாய் வலிக்கச் சண்டை போட்டேன். "எஸ்டேட்டே நிக்குமான்னு தெரியல, நீங்க பாலுக்கு வந்துட்டீங்க" என்றார் கிளார்க்.

அடுத்த நாள் வீட்டிலிருந்து ஸ்டீல் டம்ளர்களைக் கொண்டுபோனேன். கிளாஸ்களைப் பெட்டியில் அடுக்கி விறகுக்குப் பின்னால் ஒளித்தேன். மேனேஜரம்மா ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று வாய் கூசாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் குடித்தார்கள். டம்ளருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

டம்ளர் வந்த பிறகாவது குறைந்தது தெரியாமலே அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதுதான் இத்தனை வருஷமும் எனக்கு ஒரே ஆறுதல். குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூருக்குப் போக, பிள்ளைக் காம்பராவையும் மூடினார்கள். பெட்டி என்னோடு குன்னூருக்கு வந்தது. அன்றிலிருந்து எந்தக் கடையில் இப்படி ஒரு கிளாஸைப் பார்த்தாலும் விட்டுவிட்டு வர மனசு வராது.

போன மழைக்காலத்தில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். யானைக்காரி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் அலமாரி இருப்பது எனக்கு நினைவே இல்லை. அவள் அதன் முன்னால் போய் நின்றதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனி மறைத்து என்ன பயன்? "அந்தம்மா வாங்கிட்டுப் போகலடி. நான்தான் ஒளிச்சு வெச்சேன். பால் கொறஞ்சது உங்களுக்குத் தெரிய வேணாம்னு" என்றேன்.

"தெரியுங்க ஆயா. பெட்டியை அப்பவே பார்த்துட்டேன்."

"மத்த பிள்ளைங்ககிட்ட சொல்லலையா?"

"அவங்களுக்கும்தான் பால் கொறஞ்சது தெரியுமே" என்றாள், ஏதோ சாதாரண விஷயம் போல. "வீட்டுலயும் அப்ப அம்மா சட்டியைத் தன் பக்கமாச் சாய்ச்சு வெச்சுக்கிட்டுத்தான் சோறு போடுவாங்க. உள்ள எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் ஆயா."