எதிர்முனையில் இறங்க வந்தவர்

“அங்கன பெரிய பெரிய ஆளுக ரேடியோவுல பேசுவாக. ஓம் பேச்சு எடுபடுமாக்கும்?” என்று பட்டாசு கம்பெனிக்குப் போகும் அத்தை கேட்டாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எடுபடும் என்றேன்.

நான் விமானம் ஓட்டப் பழகும் இடத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. காற்றை எதிர்த்து இறங்கும்படி ஓடுதளத்தின் முனையை நாங்களே தேர்ந்து, மற்ற விமானிகளுக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். அன்று நான் மேற்கு நோக்கி இறங்க வந்தபோது, ரேடியோ குரலாக மட்டுமே நான் அறிந்திருந்த மூத்த விமானி ஒருவர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிவிட்டு, கிழக்கு நோக்கி இறங்கப்போவதாக அறிவித்தார்.

“காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. நான் எதிர்முனையிலிருந்து வருகிறேன்” என்றேன். அவர் வந்துகொண்டே இருந்தார். அதையே நிதானமாக மறுபடி சொன்னேன். அவர் விமானம் மேலேறி விலகியது.

எனக்குப் பின்னால் மேற்கு நோக்கியே இறங்கிய அவர் நேராக என்னிடம் வந்தார். நரைத்த மீசை, கசங்காத வெள்ளைச் சட்டை.

“எந்த ஊரும்மா?”

“ஆமத்தூர் சார்.”

“எங்கிட்ட மாத்திச் சொல்ல யோசிக்கலையா?”

“எங்கூர்ல காத்தப் பாக்காம ஒரு வாணம்கூட விட மாட்டாக சார்.”

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. என்ன நினைத்தார் என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு அவர் புறப்படும் முன், எந்த முனை சரி என்று ரேடியோவில் பொதுவாகக் கேட்டார். நான் அதற்குள் மறுபடி மேலேறியிருந்தேன். காற்றைப் பார்த்துப் பதில் சொன்னேன்.