தோளில் வந்த வீடு

இந்த மலாய் நாட்டில் வீடுகளுக்குக் கால் உண்டு. தரையைத் தொடாமல் மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. கீழே கோழி மேயும், மேலே மனிதர்கள் படுப்பார்கள். அப்படியொரு வீட்டை நானே வாங்குவேன், அது என் கண்ணெதிரே ஊர்வலம் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால், கள் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்திருப்பேன்.

சமயநல்லூரில் மாமனார் வீட்டுப் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். அவனியாபுரத்தில் ஓர் ஓட்டு வீடு விலை படிந்து வந்தது. முன்பணம் கொடுக்கப் போன அன்று எங்கிருந்தோ ஒரு பங்காளி முளைத்தார். அவரைச் சரிக்கட்டினால் இன்னொருவர். அத்தனை பேரும் கைநாட்டு வைக்காமல் ஒரு செங்கல் நகராது. வெறுத்துப்போய்க் கப்பலேறினேன். இங்கே ரயில்பாதை வேலை, தங்குவதற்கு லயம் என்கிற கூலிக்காரர் வரிசையில் ஓர் அறை. வேலை போனால் அன்றே இடமும் போகும். என் மனைவி பேச்சி வழியனுப்பும்போதே சொல்லிவிட்டாள்: "இங்குட்டும் அடுத்தவுக வீடு, அங்குட்டும் அடுத்தவுக வீடா? சொந்தக் கதவுன்னு ஒண்ணு இருந்தாத் தாக்கல் அனுப்புங்க, வாரேன்."

வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் பாக் மாட் என்ற மலாய்க்காரரிடம் ஒரு பலகை வீடு வாங்கினேன். ஊர்ப் புத்தி போகுமா? "பங்காளி உண்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். மண்ணைப் பற்றிக் கேட்கவேயில்லை. வீடென்றால் அடிமண்ணும் சேர்ந்ததுதானே, அதைப் போய் யார் கேட்பார்கள்! பேச்சிக்குத் தாக்கல் போனது, அவளும் கப்பலேறிவிட்டாள்.

ஒப்படைக்கும் நாளில் வெற்றிலை பாக்கோடு போனால், அந்தக் கிராமத்து ஆண்கள் அத்தனை பேரும் மூங்கிலும் கயிறுமாக நிற்கிறார்கள்.

"மானா?" என்றார் பாக் மாட். எங்கே என்று கேட்கிறார்.

"இங்கேதான்" என்று தரையைக் காட்டினேன். கூட்டமே சிரித்தது. எனக்கு விற்றது வீட்டை மட்டும்தானாம். மண் அவருடைய மாமியாருடையதாம். வாங்கியவன் இடத்தைச் சொன்னால், ஊர் கூடித் தூக்கிக் கொண்டுபோய் வைப்பது இங்கே வழக்கம். பேச்சி நடுக்கடலில் இருக்கிறாள். வீடு இருக்கிறது, வைக்க ஒரு முழ மண் இல்லை.

துணைக்கு வந்திருந்தார் பேரையூர்ச் சடையாண்டி அண்ணன். ரயிலடிக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்.

"ஏன் தம்பி முழிக்கிற? நம்ம மாட்டுக் கொட்டத்துப் பக்கம் எம்புட்டு எடம் கெடக்கு! தூக்கச் சொல்லு!"

"அண்ணே, நாளைக்கே உங்களுக்கு எடம் வேணும்னா?"

"மறுபடி தூக்கிக்க!"

"சத்து, டுவா, தீகா!" ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே குரல். என் வீடு எழும்பியது. ஜன்னல் ஆடுகிறது, கூரை ஆடுகிறது, நானும் பைத்தியக்காரனைப் போல முன்னால் குதித்து ஓடுகிறேன். சித்திரைத் தேர்கூட இத்தனை வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கைநாட்டுகூட இல்லாமல் ஒரு வீடே நகர்கிறதே!

பேச்சி வந்தாள். கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"இம்புட்டுப் பேரு தோள் குடுப்பாகன்னா, கப்பல் வரைக்கும் தூக்கியார மாட்டாகளா? சமயநல்லூர்ல எறக்கிப்புடலாம்ல?"

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கி வெகுநேரமான பிறகும், கப்பலின் மேல்தட்டில் இந்த வீட்டுக்கு இடம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.