தென்துருவத்தில் தம்பி, குன்னூரில் அவன் வீடு

என் கையெழுத்துதான் என் தம்பியின் வீட்டைப் பறித்தது. எழுதி முடித்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பார்க்கிறேன். உண்மைதான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வேறு விதமாக எனக்கு எழுதத் தெரியாது.

தம்பி ஜெனரேட்டர் மெக்கானிக், தனிக்கட்டை. தென்துருவக் கண்டமான அண்டார்டிகாவில் நம் நாடு வைத்திருக்கும் ஆய்வு நிலையத்துக்குப் போன நவம்பரில் கிளம்பினான். குளிர்காலத்திலும் அங்கேயே தங்கும் குழு. கிளம்புவதற்கு முந்தைய நாள் என் சமையலறையில் வரைபடத்தை விரித்தான்.

"அக்கா, நாங்க தங்கப்போற பாறைய வேறொரு நாடு அந்தக் காலத்துலயே எங்களுதுன்னு சொல்லி வெச்சிருக்குது."

"அப்புறம் நீங்க எப்படி அங்க ஊடு கட்டுனீங்க?"

"ஒப்பந்தம் இருக்குது. சொன்னது செல்லும்னும் இல்ல, செல்லாதுன்னும் இல்ல. அப்படியே நிக்குது. புதுசா யாரும் கேக்கக் கூடாது. ஆனா நெறைய நாட்டுக்காரங்க வருசம் முச்சூடும் ஆளு வெச்சிருக்காங்க. பூட்டிட்டு வர்றதில்ல."

"நம்ம காலனியாட்டமா?"

சிரித்துவிட்டான். சிரிக்கக் காரணம் இருந்தது. சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த எங்கள் அப்பா அம்மாவுக்கு அரசாங்கம் காலனியில் ஒதுக்கியதுதான் தம்பியின் வீடு. இன்றுவரை பட்டா இல்லை. வாரிசு குடியிருக்கலாம், ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் பட்டியலில் அடுத்து நிற்கும் குடும்பத்துக்குப் போய்விடும். அதனால் காலனியில் யார் திருப்பூருக்குப் பிழைக்கப் போனாலும், சொந்தக்காரர் ஒருவர் தினமும் வந்து அடுப்பைப் பற்றவைத்துப் புகையை வெளியே விட்டுப் போவார். 'புகை காட்டுவது' என்று அதற்குப் பெயர். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வார்கள்.

என் கணவர் வீடு அங்கிருந்து பத்து நிமிட இறக்கம். டீ ஃபேக்டரி ஆபீசில் வேலை முடிந்ததும் நான் நேரே தம்பி வீட்டுக்கு ஏறிவிடுவேன். நாட்குறிப்பு எழுதுவது என் இருபது வருடப் பழக்கம். இதையும் எழுதினேன். 'மாலை 5.40 திறப்பு. அடுப்பு. வாசல் தெளித்தல். 6.10 பூட்டு.' மழையென்றால் மழை, அட்டை கடித்தால் அட்டை. எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளும் 'கணவர் போனார்' என்று எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தம்பி வீடியோவில் வருவான். ஜூனில் சூரியன் எழுவதே இல்லை என்றான். ஜெனரேட்டர் அறைக் கதவைப் பனி மூடிவிட்டதாம், வெட்டித்தான் உள்ளே போனானாம். அவன் வீட்டில் ஓதம் ஏறவில்லை, பிளம்ஸ் மரம் காய்த்திருக்கிறது என்று நான் சொல்வேன்.

ஜூலையில் விசாரணை நோட்டீஸ் வந்தது. புகார் கொடுத்தது தம்பியின் பக்கத்து வீட்டம்மா. அவர் வீட்டில் ஒரே அறையில் இரண்டு மகன்களின் குடும்பமும் இருக்கிறது. குழாயடியில் நேருக்கு நேராகவே கேட்டார்.

"ஏனுங்க, புகையக் காட்டிட்டுப் போனா குடித்தனமாயிருமாக்கும்? எம் மருமக கைக்குழந்தையோட அடுப்புக்கிட்டயே படுத்துக்கறா. அந்தப் புகைய நாங்க யாருக்குக் காட்டறதுங்க?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். ஆனால் பயம் இல்லை. "நாந்தான் அங்க படுத்துக்கறேன்னு சொல்லிரு" என்றார்கள் காலனியில். பொய் எதற்கு? ஒரு நாள்கூட விடாமல் எழுதிய ஆதாரம் என்னிடம் இருந்ததே.

விசாரணை அதிகாரி இளைஞர். நாட்குறிப்பைப் பொறுமையாகப் புரட்டினார்.

"தினமும் போயிருக்கீங்கம்மா."

"ஒரு நாள் விடலைங்க."

"5.40 திறப்பு, 6.10 பூட்டு." பக்கத்தைத் திருப்பினார். "5.40. 6.10." இன்னொரு பக்கம். "ரொம்பத் துல்லியமா எழுதியிருக்கீங்க."

நான் புன்னகைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அப்ப மீதி இருபத்து மூணரை மணி நேரம் ஊட்டுல யாருங்க இருந்தாங்க?"

எதிரே விரிந்து கிடந்த பக்கத்தில் பூட்டு, பூட்டு, பூட்டு என்று என் எழுத்தே வரிசையாக நின்றது. நாள் தவறாமல் பூட்டியிருக்கிறேன்.

"அவன அனுப்புனதே அரசாங்கம்தானுங்களே?" என்றேன் கடைசியில்.

"அது வேற ஆபீசுங்கம்மா." குரலைத் தாழ்த்தினார். "நீங்க வாயில சொல்லியிருந்தா எழுதிக்கிட்டு விட்டிருப்பேன். இதப் படிச்சப்புறம் நான் என்னங்க பண்றது?"

பக்கங்களை நகலெடுத்து, என்னிடமே கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்த்தார். பத்தாம் நாள் உத்தரவு வந்தது. வீடு, பட்டியலில் அடுத்து நின்ற பக்கத்து வீட்டு மருமகளுக்கு. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் எழுதுனதாலதான்டா" என்றும் சொன்னேன்.

"சாமானெல்லாம்?"

"எங்க ஊட்டு அட்டாலில ஏத்தி வெச்சிருக்கேன்."

"சரி." தாடியைத் தடவினான். "அக்கா, அடுத்த குழுவுக்கும் மெக்கானிக் வேணுமாம். இன்னொரு குளிர்காலம். முடியாதுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"இங்க வந்துருடா. எங்க ஊட்டுல இருந்துக்க."

"மாமா ஊட்டுல எத்தன நாளைக்கு? அவரு ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு, எனக்குத்தான் சோறு எறங்காது." சிரிக்கப் பார்த்தான். "இங்க ஒரு கட்டில் எம் பேருல இருக்குதுக்கா. பூட்டியிருக்குதா, தொறந்திருக்குதான்னு யாரும் வந்து பாக்கறதில்ல."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்றால் எங்கே வரச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேரு குடுத்துரட்டுமா?" என்றான்.