நாலு மணி நேரம்

கட்டிலின் ஓரத்தில், மடித்த துண்டின்மேல், அந்தக் கைக்கடிகாரம் முகம் தெரியும்படி சாய்ந்திருக்கும். மனைவியின் கையில் ஊசி ஏறியதும் சார் தன் கையிலிருந்து அதைக் கழற்றி அங்கே வைப்பார். சேலத்தில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் அறை அது. சாரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்ப நாலு மணி நேரம் பிடிக்கும். வாரத்துக்கு மூன்று நாள். சனிக்கிழமைகளில் நானும் துணைக்குப் போவேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மருந்து வாடையும் ஏ.சி. குளிரும் முதுகில் ஒரு களைப்பாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

சாரும் நானும் ராசிபுரத்தில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் இயற்பியல், நான் தாவரவியல். வீடும் ஒரே தெருவில்தான். சாப்பாட்டு இடைவேளையில் அவருக்குப் பேசப் பிடித்தது ஒன்றே ஒன்று. நேரம் என்பது பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவாக ஓடுகிறது என்று பழைய காலத்தில் நம்பினார்கள், அது தப்பு என்பார். வேகமாகப் போகிறவனுக்கு நேரம் மெதுவாக நகரும். கொல்லிமலை உச்சியில் ஒரு கடிகாரத்தை வைத்தால், அடிவாரத்துக் கடிகாரத்தைவிட அது நம்ப முடியாத அளவு கொஞ்சமாக முந்தி ஓடும். “எல்லாத்துக்கும் சேத்து மணி அடிக்கப் பிரபஞ்சத்துல ஆளில்லைங்க டீச்சர்” என்பார். சொல்லும்போது முகம் சிறுபிள்ளை முகம்போல் ஆகிவிடும். அடுத்த பாடவேளைக்கு மணி அடிக்கும். முதல் ஆளாக எழுந்து போவதும் அவர்தான்.

அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. இப்போது அவர் நிமிஷத்துக்குக் கணக்குப் பார்க்கிற மனிதர். நர்ஸ் பத்து நிமிஷம் முன்னால் மெஷினை நிறுத்த வந்தால் கடிகாரத்தைக் காட்டுவார். தண்ணீர் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று டாக்டர் சொன்னதை அவரே அளந்து ஊற்றுவார். சித்திரை வெயிலில் அக்கா நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கேட்கமாட்டார், சாரைப் பார்ப்பார். சார் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

மூன்றாவது வருஷம் ஒரு சனிக்கிழமை. ஊசி குத்தக் கையில் இடம் தேடிச் சலித்து, ஒருவழியாக மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. அக்கா கண்ணை மூடியபடியே பேசினார்.

“ஏனுங்க, எவ்வளவு நேரம் ஆச்சு?”

“நாப்பது நிமிசம் கண்ணு.”

“அவ்வளவுதானுங்களா.” கண்ணைத் திறந்து துண்டின்மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “ஆளாளுக்கு நேரம் வேற வேறன்னு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கெல்லாம் சொல்றீங்க. எனக்கு மட்டும் ஏனுங்க எப்பவும் அதே நாலு மணி நேரம்?” என்றார்.

சார் பொய் சொல்லத் தெரியாதவர். “அது வேற கண்ணு. ஒரே ரூம்ல அசையாம இருக்கற ரெண்டு பேருக்கு நேரம் ஒன்னாத்தான் ஓடும். மனசுக்கு நீளமாத் தெரியறது கணக்குல வராது.”

“ஒரே ரூம்தானுங்க. நீங்க சேர்ல உக்காந்திருக்கீங்க.”

அக்காவின் குரலில் கோபம் துளியும் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போனேன். திரும்பி வந்தபோது அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்: “போதுமுங்க. என்னைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இனி வார மாட்டேன்.”

அதன்பின் இரண்டு வாரம் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க்கொண்டே சார் மன்றாடினார். ஓசூரிலிருந்து மகள் வந்து அழுதாள். நிறுத்தினால் சில நாள்தான், அதிகம் போனால் இரண்டு வாரம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தான் முன்பு கேட்டதையே மறுபடி கேட்டார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமாக வரும் காரைச் சார் வேண்டாமென்று சொல்லி அனுப்பினார். நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போனவர் ஒரு சொம்பு நிறையப் பானைத் தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அளக்கவில்லை. அக்கா நிறுத்தி நிறுத்தி முழுவதையும் குடித்தார். ஆசைப்பட்டதற்காக, அதுவரை கூடாதென்றிருந்த தர்ப்பூசணியையும் அறுத்தோம். பதினோரு நாள் இருந்தார். முதல் ஐந்து நாள் நன்றாகப் பேசினார், மகளிடம் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு மூச்சு வாங்கியது, தூக்கம் கூடியது. பன்னிரண்டாம் நாள் காலை சார் கூப்பிட்டபோது எழவில்லை.

சார் விடுப்பு முடிந்து வந்து, ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். இடைவேளையில் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவி வைப்பார். நேரத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

போன வாரம் ராசிபுரம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இப்போது என் கணவரின் இருதயச் சிகிச்சைக்காக நான் சேலத்துக்குப் போய்வருகிறேன். எனக்கும் நடை தளர்ந்துவிட்டது. தூணோரம் நிழலில் நின்றிருந்த அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

“தனியா இருக்கீங்களே, நேரம் போகுதுங்களா சார்?”

“எல்லாரும் அதைத்தானுங்க கேக்கறாங்க.” சற்று யோசித்தார். “போகுதுங்க டீச்சர். அவ இல்லாத எடத்துலயும் பாருங்க, ஒரு குறையும் இல்லாம அது பாட்டுக்குப் போகுது. இத்தனை வருசம் பாடம் நடத்தியும் அது மட்டும் எனக்குப் புரியலைங்க.”

சேலம் பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் எந்த ஊருக்குப் போக அங்கே நின்றிருந்தார் என்று கேட்காமல் வந்துவிட்டது வழியில் மல்லூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது.