இட்லித் தட்டில் கியர் பாக்ஸ்

பழைய வண்டியின் இஞ்சினை வீட்டிலேயே பிரித்து மாட்டுகிற தொழிலுக்கு ரெண்டு பேர் வேண்டும்: பிரிக்கிறதுக்கு ஒருத்தர், அந்த வீட்டில் குடியிருக்கிறதுக்கு ஒருத்தர். முதல் வேலையை என் மகன் ஜோசப் எடுத்துக்கொண்டான். இரண்டாவதற்கு யாரும் மனு போடாததால் எனக்கே வந்தது. பிள்ளைகள் வளர்ந்து ஆளானதும் கை ஓயும் என்று நம்பிக்கொண்டிருக்கிற தாய்மார்களே, கருங்குழியில் எங்கள் வீட்டில் ஏழு மாதம் நடந்ததைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஸ்பேனர் ஏதாவது இருந்தால் படித்து முடிப்பதற்குள் ஒளித்து வைத்துவிடுங்கள்.

மூட்டையில் வந்த வண்டி

ஜோசப்புக்கு இருபத்தேழு வயது. ஐ.டி.ஐ. படித்தவன். கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. அந்த வேலையை விட்டுவிட்டான். விட்டு ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னான். அந்த ஒரு வாரமும் விடியற்காலையில் எழுந்து அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அதை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்று இன்றுவரை கேட்கவில்லை.

மாமல்லபுரம் தாண்டிக் கடலோரத்தில் காதர் பாய் என்று ஒருவர் இருக்கிறார். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு மணலில் ஓட்ட வாடகைக்கு வண்டி விடுகிறார். மேடு பள்ளத்தில் தாவிக் குதிக்கிற உசரமான வண்டி, டர்ட் பைக் என்று பெயர். அவரிடம்தான் மெக்கானிக் வேலை கேட்டிருக்கிறான். அவர், உப்புக் காற்றில் வருஷக்கணக்காகச் செத்துக் கிடந்த ஒரு வண்டியைக் காட்டி, மே மாச லீவுக்குள் இதை ஓட வைத்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

வண்டி வருகிறது என்று வாசலைக் கூட்டி, ஜெபம் பண்ணிவிட்டுக் காத்திருந்தேன். குட்டியானை லோடு வண்டியில் வந்து இறங்கியது. ஒரு எலும்புக்கூடு, ரெண்டு சக்கரம், மூன்று அரிசி மூட்டை, ஒரு பெயிண்ட் பக்கெட். மீதி வண்டி மூட்டைக்குள்ளே இருக்கிறது என்றான். எங்கள் வீட்டுக்காரர் மதுராந்தகத்தில் நெல் மண்டிக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பக்கெட்டுக்குள் கையை விட்டு, துருப்பிடித்த ஒரு சாமானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலய வுட்டது கூட சரிடா. பழைய இரும்பு யாவாரம்னு மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு தராசு வாங்கியாந்திருப்பேனே."

போனுக்குள் ஒரு வெள்ளைக்காரன்

இந்தத் தொழிலுக்கு வாத்தியார் போனுக்குள் இருந்தார். ஒரு வெள்ளைக்காரன். வெள்ளை மேஜை, வெள்ளைச் சட்டை. ஒரு டீ ஆறுகிற நேரத்தில் இஞ்சினைப் பிரித்து, துடைத்து, மாட்டி, கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். நம் பிள்ளைக்கு முதல் போல்ட் கழலவே மூன்று நாள் ஆனது. டீசல் ஊற்றி ஊற வைத்தான், சுத்தியலால் தட்டினான், சூடு காட்டினான், கெஞ்சினான். நாலாம் நாள் போல்ட் கழன்றது, பாதி மட்டும்; மீதி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. அந்த ஆள் செய்கிறான், உனக்கு ஏனப்பா வரமாட்டேன் என்கிறது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். போனை அணைத்துவிட்டு அவன் சொன்னான்: "யம்மா, அந்தாளு வூட்டு போல்ட்டு கடலையே பாத்ததில்ல."

ஞாயிற்றுக்கிழமை இட்லி

கியர் பாக்ஸ் என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். பல்லு வைத்த சக்கரங்களைக் கம்பியில் கோத்து, நடுநடுவே வாஷர் போட்டிருக்கிறார்கள். எந்த வாஷருக்கு அப்புறம் எது என்பதுதான் சூட்சுமம். ஒன்று மெல்லிசு, ஒன்று தடிமன், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல. வரிசை மாறக்கூடாது என்று ஜோசப் குழிக்கு ஒன்றாக வைத்திருந்தான். எந்தக் குழி? என் இட்லித் தட்டுக் குழி. வாரம் ஒன்று, ரெண்டு, மூன்று போனது. தோசையாகவே சுட்டுப் போட்டேன்.

நாலாவது ஞாயிறு படூரில் இருந்து மகள் மெர்சி வருகிறாள், அவளுக்கு இட்லிதான் இறங்கும். நானும் பொறுப்பாகத்தான் செய்தேன். ஒவ்வொரு வாஷராக எடுத்து, வரிசை கலையாமல் ஒரு ட்ரேயில் அடுக்கினேன். மாவு ஊற்றுகிற பழக்கத்தில் சுற்றுக் குழியில் தொடங்கி நடுக்குழியில் முடித்தேன். நீங்களும் அப்படித்தானே ஊற்றுவீர்கள்? அவனோ நடுக்குழியில் தொடங்கி வெளியே வைத்திருக்கிறான். பிறந்ததில் இருந்து இட்லி தின்கிறவன், ஒரு நாளாவது மாவு ஊற்றியிருந்தால் தெரிந்திருக்கும். ட்ரேயில் முதலில் இருப்பது நடுக்குழி வாஷர் என்று நினைத்து அவன் எல்லாம் கோத்து, பெட்டியை மூடி, திருகெல்லாம் முடுக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால் முதல் கியர் விழுகிறது, மூன்றாவது விழுகிறது, ரெண்டாவது விழவே இல்லை. திரும்ப எல்லாவற்றையும் பிரித்தான். நான் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவன் கோபப்படவில்லை. "ஞாயித்துக்கெழம எல்லாரும் குந்திகினு என் ரெண்டாவது கியர சாம்பார்ல தொட்டு சாப்ட்டுட்டீங்க," என்றான்.

ஃப்ரீசரில் வளையல்

பேரிங்கை அதன் இடத்தில் உட்கார வைக்க ஒரு வழி உண்டாம். பேரிங்கைக் குளிர வைத்தால் கொஞ்சம் சுருங்கும், அது உட்காரும் இரும்புக் கூட்டைச் சூடு பண்ணினால் கொஞ்சம் விரியும். அந்தச் சமயம் பார்த்துப் போட்டால் சுத்தியல் இல்லாமலே தானாக இறங்கும். ஆகவே என் தோசைக்கல் மேல் இஞ்சின் கூடு, என் ஃப்ரீசரில் சங்கரா மீனுக்குப் பக்கத்தில் நாலு பேரிங். சரியாக அன்றைக்குத்தான் மெர்சியின் மாமியார் முதல் தடவையாகச் சொல்லாமல் வந்து நின்றார். அபார்ட்மெண்டில் இருக்கிறவர். வாசனை பார்த்துத்தான் நாற்காலியிலேயே உட்காருவார்.

முதலில் அவர் கண்ணில் பட்டது மெர்சியின் கல்யாணப் பத்திரிகை. இஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கிற பேக்கிங்குக்கு கெட்டி அட்டை வேண்டும் என்று மீதி இருந்த பத்திரிகைகளை ஜோசப் வெட்டிக்கொண்டிருந்தான். சம்பந்தி பெயர் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. அதற்கு என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் ஜூஸுக்கு ஐஸ் எடுக்க அவரே ஃப்ரீசரைத் திறந்துவிட்டார். கையில் பளபளவென்று ஒரு பேரிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிகவும் தன்மையாகக் கேட்டார்: "சம்பந்தி, மெர்சிக்குப் போடறதா சொன்ன வளையல இங்கதான் பத்திரமா வெச்சுகினு இருக்கீங்களா?"

ஜெபக் கூட்டம்

மாதம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். பங்குனி வெயிலில் எங்கள் முறை வந்தது. கூடத்து பெஞ்சில் இஞ்சின். அவனால் நகர்த்த முடியாது, என்னால் மறைக்க முடியும். சுத்தமான பெட்ஷீட் போட்டு மூடினேன். ஊதுபத்தி வாங்கி வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். டீசல் வாடையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் நல்லவர்கள், முந்தானையால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார்கள். பாஸ்டர் ஒவ்வொருவரிடமும் விண்ணப்பம் கேட்டார். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு மருமகள். என் முறை வந்தபோது, ஜோசப்புக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும், இந்த வண்டி இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றேன். ரெண்டு இடத்தில் பெண் கேட்டுப் போய், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்ற கேள்வியோடு எழுந்து வந்திருந்தோம். அது என் மனசுக்குள் இருந்தது.

பாஸ்டர் உருக்கமாக ஜெபித்தார். நின்றுகொண்டே வெகுநேரம் ஜெபித்ததால் பக்கத்தில் இருந்த பெட்ஷீட் மேல் கையை ஊன்றி, மெதுவாகச் சாய்ந்தும்கொண்டார். ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது அவருடைய வெள்ளை ஜிப்பாவில் தோளில் இருந்து இடுப்புவரை கறுப்பாக ஆயில். நான் மன்னிப்புக் கேட்டுக் கையைக் கூப்பினேன். அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிஸ்டர், ஆண்டவர் மன்னிச்சிடுவாரு. எங்க வூட்டம்மா மன்னிக்கறதுக்கும் சேத்து நீங்க ஜெபம் பண்ணுங்க."

பாய் வந்த சனிக்கிழமை

லீவு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது காதர் பாய் நேரிலேயே பார்க்க வந்தார். கூடவே, வேலை கேட்டிருக்கிற இன்னொரு பையனைப் பற்றியும் நாசூக்காகச் சொன்னார். முழு வண்டியாக நின்றிருந்தது எங்கள் வாசலில். பக்கெட்டில் வந்ததா இது என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஜோசப் அவசரப்பட்டான். கிக்கரில் அரைகுறையாக ஒரு உதை விட்டான், அதுவும் பாதியில் திருப்பி அடித்தது. ஆனாலும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவே தெரியாத அளவுக்குப் புகை. அந்தப் புகைக்குள் இருந்து எங்கள் வீட்டுக்காரர் கைதட்டுகிற சத்தம் கேட்டது. ஏழு மாதத்தில் அவர் தட்டியது அதுதான் முதல் தடவை.

பாய் ஏறி உட்கார்ந்தார். முதல் கியர் போட்டார். கிளட்சை விட்டார். வண்டி பின்னால் போனது. சரிவில் வழுக்கவில்லை, நல்ல வேகத்தில், நம்பிக்கையோடு பின்னால் போனது. என் முருங்கைக் கன்றைச் சாய்த்து, துணிக்கொடியை அறுத்து, தண்ணீர் டிரம்மில் இடித்து நின்றது. இந்த மாதிரிப் பழைய இஞ்சின்கள், டைமிங், அதாவது உள்ளே தீப்பொறி விழுகிற நேரம், ஒரு மயிரிழை தள்ளியிருந்து உதையும் சரியாக விழாவிட்டால், தலைகீழாகச் சுற்றிக்கொண்டே ஜோராக ஓடுமாம். பாய் தலையில் இருந்து எங்கள் வீட்டுக்காரரின் லுங்கியை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்தார். "தம்பி, முன்னால போறதுக்கு வேற வண்டி கீதா?"

ஜோசப்பின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டேன். திருகு கழலுகிற சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். அவன் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே அந்த டைமிங் தட்டை நகக்கண் அளவுக்கு நகர்த்தி, மூடி, எழுந்து நின்று முழு உதை உதைத்தான். பாய் மறுபடி ஏறினார். வண்டி முன்னால் போனது, தெருமுனையில் திரும்பியது, சத்தம் தேய்ந்து மறைந்தது. ஏரிக்கரை வரைக்கும் போயிருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர், வாழ்க்கையில் முதல் தடவையாக, என் பக்கத்தில் நின்று ஜெபம் பண்ணினார்.

திரும்பி வந்து இறங்கிய பாய், ரெண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்றார். ஜோசப் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஓடவைத்ததைவிட, தப்பு எங்கே என்று பதறாமல் கண்டுபிடித்ததுதான் தனக்குப் பிடித்தது என்றும் பாய் சொன்னார். வேலை அவனுக்குத்தான், திங்கட்கிழமையே வரலாம். வண்டியைக் குட்டியானையில் ஏற்றினார்கள். நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது பாய் என் பக்கம் திரும்பினார். "யம்மா, எங்க ஷெட்டுல எடம் பத்தல. இதே மாரி செத்துப்போன வண்டி இன்னும் நாலு கீது, இங்கயே எறக்கிடறேன்."

வண்டி இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஏழு மாதம் ஜெபித்தவள், எந்தப் பக்கமாகப் போக வேண்டும், போனது தன் கூட்டாளிகளை அனுப்பி வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டது என் தவறுதான்.