விருந்தாளி வந்தால் மட்டும்

ராஜபாளையத்து நூல் மில்லில் முப்பது வருஷம் மிஷின் இரைச்சலில் நின்று அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. தொண்ணூறுகளில் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வாங்கினோம். அதன் பொத்தான் பேட்டரிக்கு மதுரைக்குத்தான் போகவேண்டும். எனக்கு அலையச் சோம்பல். அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டேன்.

"யாராச்சும் வந்தா மட்டும் மாட்டுங்கப்பா. மத்த நேரம் பேட்டரியக் கழட்டி வச்சிருங்க."

அப்படியே செய்தார். கருவியைத் துணியால் துடைத்துக் காலி சோப்பு டப்பாவில் பத்திரமாக வைப்பார்.

ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை முடிந்து வந்தவன், அவரிடம் ஆற அமரப் பேச ஆசைப்பட்டு எதிரில் உட்கார்ந்தேன். காதில் மாட்டச் சொல்லிச் சைகை காட்டினேன். டப்பாவைத் திறந்துகொண்டே வாசலைப் பார்த்தார்.

"யாரு வந்துருக்காக?"

யாருமில்லை என்று தலையாட்டினேன்.

"பொறவு எதுக்கு வீணா?" என்று டப்பாவை மூடிவிட்டார்.